வட்டமும் ஊரும்

ஒருவனை அவன் வளர்ந்த இடத்தைக்கொண்டு மதிப்பது பழைய வழக்கம். நாசரேத்தைக்குறித்து நாத்தான்வேல் கொண்ட ஐயமும் அதனின்று பிறந்ததே. நெய்வேலியில் இவ்வழக்கு விசித்திரமாக மாறியது.

1935இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் வெளிப்பட்டதென்பர். 1956இல் நிறுவனம் அமைந்தது. மறு ஆண்டு மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதன்பின் வயல்களோடு ஊர்களும் மறைந்தன. பல மாநிலத்தாரும் குடியேறிய நகரியம் எண்ணிட்ட வட்டங்களாக எழுந்தது. "எந்த வட்டம்?" என்பதே அங்கு வளர்ந்தோர் ஒருவரையொருவர் வினவும் முதற்கேள்வி. எனினும் குடியிருப்பு நிறுவனத்தினுடையது. பணி ஓய்வுபெற்றவர் அதனை விட்டு நீங்கவேண்டும். பிள்ளைகள் சொந்த ஊரெனக் கருதுமிடத்தில் அவர்களுக்குச் சொந்த வீடில்லை! இதனை நாம் போதியவளவு சிந்திப்பதில்லை.

நகரியத்தை அடுத்துள்ள வடக்குத்தின் நிலை வேறு. அங்கே எண் வரவில்லை, ஊர்ப்பெயரே நிலைத்தது. நகரியத்தைவிட்டு நீங்கிய குடும்பங்கள் சில அவ்வூர்ப் பகுதியிலேயே மனை வாங்கி, வட்டத்துப் பிள்ளைகளை ஊர்ப் பிள்ளைகளாக்கின.

நிலமிழந்தோர்க்கோ அவ்வாய்ப்புமில்லை. அவர்தம் பாடுகளைக் கண்மணி குணசேகரன் ‘வந்தாரங்குடி’ என்னும் நாவலில் எழுதியுள்ளார். அப்பாடு பழங்கதையன்று, 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலிலேயே வாய்க்கால் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின.