பழைய கேம்கோடர் பதிவுகளைத் தொகுக்க எந்தக் கணினி வாங்கலாம்?

செபராங் ஜெயா – தண்ணீர்மலை தைப்பூசம், அக்காவின் திருமணம், இன்று நம்மோடு இல்லாத பாட்டியின் குரல். இவையெல்லாம் இன்னும் பல வீடுகளில் சிறிய ஒளிநாடாக்களில்தான் இருக்கின்றன. நம் ஊரின் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கேம்கோடர்களின் உற்பத்தியும் நின்றுவிட்டது. அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

முதன்முறையாக காணொளி தொகுக்க விரும்புவோர், விலை உயர்ந்த கணினிதான் வேண்டும் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். உண்மையில் பதிவு எந்த வகை என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

எந்த வகைப் பதிவு?

வீடியோ8, ஹை8 ஆகியவை பழைய அனலாக் நாடாக்கள். இவற்றுக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு கேபிள்களை ஏற்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி தேவை.

மினிடிவி நாடாவில் இருப்பது டிஜிட்டல் பதிவு. அதைத் தரம் குறையாமல் எடுக்க பயர்வயர் இணைப்பு வேண்டும். சோனி கேமராக்களில் இதன் பெயர் ஐ.லிங்க். கேமராவில் யுஎஸ்பி துளை இருந்தாலும், பெரும்பாலும் அதன் வழியாகப் புகைப்படமோ தரம் குறைந்த காணொளியோ மட்டுமே வரும்.

மெமரி கார்டில் பதியும் ஏவிசிஎச்டி கேமரா என்றால் வேலை எளிது. கார்டில் உள்ள கோப்புறை முழுவதையும் அப்படியே நகலெடுத்தால் போதும்.

மேசைக் கணினியா, மடிக்கணினியா?

மினிடிவி வைத்திருப்போருக்கு மேசைக் கணினியே வசதி. அதில் பயர்வயர் கார்டைப் பொருத்தலாம். இன்றைய மடிக்கணினிகளில் அந்தத் துளை இல்லை. ஆப்பிள் நிறுவனமும் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26இல் பயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது. பழைய மேசைக் கணினி வீட்டில் இருந்தால், அதை வீசிவிட வேண்டாம்.

சேமிப்பு இடம்

ஒரு மணி நேர மினிடிவி பதிவு ஏறக்குறைய 13 ஜிபி இடம் பிடிக்கும். 20 நாடாக்களுக்கு 260 ஜிபி. கணினி இயங்கவும் தொகுக்கவும் ஓர் எஸ்எஸ்டி, பதிவுகளைச் சேர்த்து வைக்க 1 அல்லது 2 டிபி ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ரேம், பிராசசர்

மினிடிவி பதிவைத் தொகுக்க 8 ஜிபி ரேம் போதும். சில ஆண்டுகள் பழைய பிராசசரே அதைத் தாங்கும். ஏவிசிஎச்டி அப்படியல்ல. அதில் படம் மிகவும் சுருக்கப்பட்டிருப்பதால், விரித்துக் காட்டும்போது கணினிக்குச் சுமை அதிகம். அதற்கு 16 ஜிபி ரேமும் புதிய தலைமுறைப் பிராசசரும் நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டுக்குத் தொடக்கத்தில் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

பிராசசர் தொழில் பினாங்குக்குப் புதிதல்ல. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் ஆலையை 1972இல் இங்குதான் தொடங்கியது.

மென்பொருள்

விண்டோஸ் கணினியில் மினிடிவி நாடாவைப் பதிவிறக்க வின்டிவி என்ற சிறிய இலவச மென்பொருள் உண்டு. தொகுப்பதற்கு ஷாட்கட், கேடிஇன்லைவ் ஆகியவை இலவசம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆற்றல் மிக்கது. ஆனால் அதற்கு 16 ஜிபி ரேமாவது வேண்டும். மலேசியாவில் வாங்கிய கேமராக்கள் பெரும்பாலும் பால் முறையில் பதிபவை. ஆகவே 720x576, நொடிக்கு 25 படங்கள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* நாடாவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கேமராவில் போடக்கூடாது. பூஞ்சை கேமராவின் ஹெட்டையும் கெடுக்கும்.
* ஒரு மணி நேர நாடாவை இறக்க ஒரு மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.
* தொகுத்த காணொளியோடு, வெட்டாத மூலப் பதிவையும் வைத்திருக்க வேண்டும்.
* இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வைப்பது பாதுகாப்பு.

செலவுக்குத் திட்டமிடும்போது கேமரா இன்னும் ஓடுகிறதா என்பதை முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கணினியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். நாடாவை ஓட்டும் கேமரா அதுவரை காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.