எரிதத்தைத் தடுத்த கதை: எரிச்சலா, அனுமதியா?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டு வியாபாரி எவ்வளவு சத்தமாகக் கூவினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கேட்பவர்கள் வாங்க வந்தவர்கள். ஆட்டை ஏற்றி வந்த வண்டி வாடகையும் வியாபாரியுடையது. மின்னஞ்சலில் இரண்டுமே தலைகீழ். கேட்காதவருக்கும் விளம்பரம் போகிறது. அனுப்புகிறவருக்குச் செலவு சொற்பம், அழித்து மாளாத வேலை பெறுகிறவருக்கு. இதைத்தான் ஸ்பாம் என்கிறோம். தமிழில் எரிதம்.

இதன் வரலாறு இணையத்தைவிடப் பழையது. 1978 மே மாதம், அமெரிக்காவின் டிஇசி கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், அர்பாநெட் பயனர்கள் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். புகார்கள் குவிந்தன. ஆனால் 1990-களில் இணையம் வணிகத்துக்குத் திறந்ததும் அவர் காட்டிய வழி பெருவழியாகிவிட்டது.

சட்டம் போட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல், முதலில் சம்மதம் வாங்கு, பிறகு அனுப்பு என்றது. அமெரிக்கா 2003-ல், முதலில் அனுப்பலாம், வேண்டாம் என்றால் நிறுத்து என்றது.

நம் நாட்டில் என்ன நடந்தது? மின்னஞ்சல் எரிதத்துக்கென்று தனிச் சட்டம் இங்கே வரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவுதான் அதற்கு மிக அருகில் வந்தது. எரிச்சலோ தொந்தரவோ தரும் நோக்கத்தோடும், எங்கிருந்து வந்தது என்று ஏமாற்றும் வகையிலும் மின்னஞ்சல் அனுப்புவதை அது குற்றமாக்கியது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் எது எரிச்சல் என்று யார் முடிவு செய்வது? 2012-ல் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டரில் எழுதியதற்காக இதே பிரிவில் கைதானார். அதே ஆண்டு மகாராஷ்டிராவின் பால்கரில் ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவையே ரத்து செய்தது.

தொலைபேசியில் வேறு பாதை. டிராய் 2007-ல் 'அழைக்காதே' பதிவேட்டைக் கொண்டுவந்தது. வேண்டாம் என்று பதிய வேண்டிய வேலை நம்முடையதாக இருந்தது. தொல்லை நிற்கவில்லை. 2011-ல் ஒரு சிம்முக்கு நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு வைத்து, பிறகு 200 ஆக்கினார்கள். நண்பர்களுக்கு அனுப்புகிறவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள்! கடைசியில் 2018 விதிமுறை பொறுப்பை அனுப்புகிறவர் பக்கம் திருப்பியது. நிறுவனம் தன் பெயரையும், செய்தியின் வார்ப்பையும், வாங்கிய சம்மதத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

மின்னஞ்சலும் இப்போது அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும். மடல் உண்மையில் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் முறைகள் இவை. விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். எரிதம் என்று புகார் செய்வோர் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. நம் நாட்டின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

இத்தனை ஆண்டுகளில் பலன் தந்த கேள்விகள் இரண்டே: நீ யார்? நான் கேட்டேனா? மடலில் என்ன எழுதியிருக்கிறது, அது யாருக்கு எரிச்சல் என்று பார்க்கப் போன சட்டம், எரிதத்தை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடித்தது.

கல்லூரி விழாவுக்கோ, சொந்தக் கடைக்கோ செய்திமடல் தொடங்கும் நண்பர்களே, விலைக்கு வரும் முகவரிப் பட்டியலைத் தொடாதீர்கள். பதிந்தவருக்கு ஒரு உறுதி மடல் அனுப்பி, அவர் ஆம் என்று சொடுக்கிய பிறகே சேருங்கள். விலகும் இணைப்பை ஒளிக்காதீர்கள். 40 பேர் பட்டியலானாலும், அந்த 40 பேரும் கேட்டு வந்தவர்களாக இருக்கட்டும்.