இப்னு ஸீனாவின் தந்தை

பிள்ளைக்கு உணவும் உடையும் அளித்து, ஓதுவதற்கும் படிப்பதற்கும் அனுப்பிவிட்டால் தந்தையின் கடமை தீர்ந்தது என்று கருதுவோர் நம்மிடையே பலர். அறிவை வளர்ப்பது உஸ்தாதின் வேலை என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் சரிதானா? ஆயிரம் ஆண்டுகட்கு முன் புகாராவில் வாழ்ந்த ஒரு தந்தையின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

அப்துல்லாஹ் என்பது அவர் பெயர், பல்கு நகரத்தார். ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்ஸூரின் ஆட்சியில் புகாராவுக்கு வந்து, அதனையடுத்த ஓர் ஊரில் அரசு அலுவல் பார்த்தார். அருகிலிருந்த அஃப்ஷனாவில் மணம் புரிந்தார். அங்கே 980-இல் பிறந்த மகனே மருத்துவ மேதை இப்னு ஸீனா. பின்னாளில் அவர் தம் மாணவர் ஜூஸ்ஜானியிடம் கூறிய தன்வரலாற்றில் தந்தையைப் பற்றிய செய்திகள் சிலவே. ஆயினும் அச்சிலவே நமக்குப் போதும்.

மக்கள் இருவரும் பிறந்தபின் தந்தை புகாரா நகருக்குக் குடிபெயர்ந்தார். மகனுக்குக் குர்ஆன் கற்பிக்க ஒருவரையும், இலக்கியம் கற்பிக்க ஒருவரையும் அமர்த்தினார். பத்து வயதில் குர்ஆனையும் இலக்கியத்தில் பெரும்பகுதியையும் மகன் முடித்துவிட்டார்.

இதனினும் சிறந்தது வீட்டில் நிகழ்ந்த உரையாடல். தந்தை இஸ்மாயீலியக் கொள்கையில் ஈடுபட்டவர். அக்கொள்கை நமக்கு உடன்பாடன்று. நாம் காண வேண்டுவது வேறு. ஆன்மாவைப் பற்றியும் அறிவைப் பற்றியும், தத்துவம், வடிவ கணிதம், இந்தியக் கணக்கு ஆகியவை பற்றியும் அவ்வீட்டில் பேச்சு நிகழும். சிறுவர் அருகிருந்து கேட்பார். தம் கொள்கைக்கு அவரையும் அழைத்தனர். பொருள் விளங்கியும் உள்ளம் அதனை ஏற்கவில்லை என்கிறார் இப்னு ஸீனா. அதற்காகத் தந்தை சினந்தார் என்றோ, படிப்பை நிறுத்தினார் என்றோ ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. மாறாக, இந்தியக் கணக்கு அறிந்த காய்கறி வணிகர் ஒருவரிடம் மகனை அனுப்பிக் கற்கச் செய்தார் தந்தை. அறிவு இருக்குமிடம் கடையாயினும் அதனைத் தாழ்வென அவர் எண்ணவில்லை.

பின்னர், தத்துவம் அறிந்தவரெனப் பெயர்பெற்ற நாத்திலீ புகாராவுக்கு வந்தார். மகன் கற்பான் என்னும் நம்பிக்கையில் அவரைத் தம் வீட்டிலேயே தங்க வைத்தார் தந்தை. மாணவரின் கூர்மையைக் கண்டு வியந்த நாத்திலீ, இப்பிள்ளையைக் கல்வியன்றி வேறெதிலும் ஈடுபடுத்தவேண்டா என்று தந்தையை எச்சரித்தார்.

எல்லாப் பிள்ளைகளும் இப்னு ஸீனா ஆவதில்லை. அத்தகைய நுண்ணறிவு இறைவன் அளிப்பது. ஆனால் அத்தந்தை செய்தவை எத்தந்தைக்கும் இயல்வனவே: பிள்ளை கேட்க நல்லவற்றைப் பேசுதல், தாம் அறியாததை அறிந்தவரிடம் சேர்த்தல், பிள்ளையின் மறுப்பைப் பொறுத்தல். இவற்றுள் இறுதியானதே அரிது. கல்வியில் கடுமை காட்டினால் பிள்ளை ஊக்கம் இழந்து, தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பயிலும் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எச்சரித்துள்ளார்.

நம் குடும்பங்களில் தந்தையர் பலர் சபரில் இருக்கின்றனர். அவர்கள் உழைப்பை நாம் குறைவாக மதிக்கவில்லை. எனினும் தொலைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்கும் தந்தை, "இன்று உனக்கு விளங்காதது எது?" என்றும் கேட்கலாமே! அக்கேள்விக்குப் பணம் வேண்டுவதில்லை; கேட்கும் பொறுமையே வேண்டும். அப்பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!