பதினேழு பாடல்கள்

மராட்டிய மாநிலத்துப் பஞ்சகனிப் பள்ளியில், 1958-இல், 'ஹெக்டிக்ஸ்' என்னும் மாணவர் குழுவில் பியானோ வாசித்தவன் பரூக் புல்சாரா என்ற பார்சிச் சிறுவன். பின்னாளில் இலண்டன் 'குயீன்' குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி ஆனவர் அவரே. அக்குழு தன் புகழ்பெற்ற பாடல்களைத் திரட்டி ஒரே இசைத்தட்டாக 1981 அக்டோபரில் வெளியிட்டது.

திரட்டுவது எளிதென எண்ணிவிடலாகாது. செம்பை வைத்தியநாத பாகவதரைப் போற்றும் பாலக்காட்டு நேயர்கள் இதனை நன்கறிவர்: பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடமளவே இடம், ஆலாபனையைச் சுருக்காமல் வழியில்லை. நீள்தட்டு வந்த பின்னும், ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடத்தை மிஞ்சினால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலியும். குயீன் குழுவினரோ 17 பாடல்களை, ஏறத்தாழ 58 நிமிடங்களை, இரு பக்கங்களில் அடைத்தனர்.

அப்படியும் அவர்களுடைய முதல் தனித்தட்டுப் பாடலுக்குப் பிரிட்டன் பதிப்பில் இடம் கிடைக்கவில்லை. 1973-இல் வெளிவந்த அது விற்பனைப் பட்டியலில் ஏறாத பாட்டு. அமெரிக்கப் பதிப்பில் 14 பாடல்களே. ஆயினும் அங்கே அது சேர்ந்தது. ஒரே குழுவுக்கு இரு வரலாறுகள்!

மெர்க்குரி 1991-இல் மறைந்தார். 2022-இல் பிரிட்டனில் 70 இலட்சம் என்ற விற்பனைக் கணக்கை முதன்முதலில் எட்டிய தொகுப்பு, அந்தப் பாட்டு இல்லாத 17 பாடல் தொகுப்பேயாகும்.