வளரும் குதிரையும் சேணமும்



பழநிக்கு அருகே, மலையடிவாரத்தில் அமைந்த பாலசமுத்திரம் என்னுடைய ஊர். பழநிப் பாளையக்காரர்களின் இருப்பிடமாக விளங்கிய ஊர் அது. பாளையக்காரர் என்றவுடனே வாளும் வேலும் குதிரையும் உங்கள் மனக்கண்முன் தோன்றும். வாளைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். குதிரையின் முதுகில் கிடந்த சேணத்தைப் பற்றிப் பேசுவோர் அரியர். அச்சேணத்தைப் பற்றியே, அதிலும் இன்னும் வளர்ந்து முடியாத இளங்குதிரைக்கு இடும் சேணத்தைப் பற்றியே, இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இதில் எனக்கு அக்கறை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது என் பெரியப்பா பொதிக்குதிரை வைத்திருந்தார். மலைமேல் விளைந்த வாழைத்தார்களைக் கீழே இறக்குவதும், உப்பும் அரிசியும் மேலே ஏற்றுவதும் அவர் தொழில். கிழக்குதிரை ஓய்ந்துபோகவே, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு செம்மட்டத்தை வாங்கி வந்தார். கிழக்குதிரையின் சேணம் வீட்டில் இருந்தது. புதிதாக ஒன்று செய்யப் பணம் ஏது? பழையதையே தூக்கி இளையதன் மேல் வைத்தார். சேணம் தைக்கும் முதியவர் ஒருவர் அதனைக் கண்டு, “முதுகு இன்னும் முடியலீங்க, ரெண்டு வருசம் பொறுங்க” என்றார். பெரியப்பா பொறுக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அக்குதிரையின் தோள்முகட்டில் உள்ளங்கை அகலத்திற்குப் புண். புண் ஆறிய இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. சாகும்வரை அவ்வெண்மை மாறவில்லை. அவ்விடத்தில் யாரேனும் கைவைத்தால் அது சீறிக் கடிப்பதும் மாறவில்லை.

“முதுகு முடியவில்லை” என்று அம்முதியவர் சொன்னது எத்துணை நுட்பமான உண்மை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நூல்களைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். குதிரையின் எலும்புகள் யாவும் ஒரே காலத்தில் முற்றுவதில்லை. குளம்பினை ஒட்டிய எலும்புகள் முதலில் முற்றும். மேலே செல்லச் செல்லக் காலம் நீளும். முதுகெலும்புதான் எல்லாவற்றிற்கும் கடைசி. அது முற்ற ஐந்தரை, ஆறு ஆண்டுகள் ஆகும். ஆகவே காலைப் பார்த்து, ‘வளர்ந்துவிட்டது’ என்று முடிவு செய்பவன் ஏமாந்து போவான். அது மட்டுமன்று. இளங்குதிரை முன்னும் பின்னும் ஒருசேர உயர்வதில்லை. சில மாதம் பின்புறம் உயர்ந்து, தோள்முகடு தாழ்ந்து நிற்கும். அப்போது சேணம் முன்னே சரிந்து தோள்பட்டையை முட்டும். பிறகு முன்புறம் எழும்பும். முன்பு பொருந்திய சேணம் இப்போது முகட்டை நெருக்கும். மேய்ச்சலில் கொழுத்தால் விலா பருக்கும். வேலை கொடுத்தால் தசை இறுகி வேறு வடிவாகும். ஓராண்டிற்குள் அதன் முதுகு பலமுறை உருமாறுகிறது. சேணத்தின் உள்ளே இருக்கும் மரச்சட்டமோ மாறுவதே இல்லை.

இவ்வுண்மையை நம் நாட்டார் அறியாதவர் அல்லர். கௌடலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைகளைக் கண்காணிக்கும் தலைவனுக்கு ஒரு தனி அதிகாரமே உண்டு. பிறந்து பத்து நாட்கள் கழிந்த குட்டிக்கு என்ன ஊட்டவேண்டும், அதன்பின் திங்கள்தோறும் தீனியை எவ்வளவு கூட்டவேண்டும் என்றெல்லாம் அளவு சொல்லிக்கொண்டே வரும் அந்நூல், நான்கு அல்லது ஐந்து வயதில்தான் குதிரை முழு அளவு பெற்று வேலைக்குத் தகுதியாகிறது என்று வரையறுக்கிறது. கிரேக்க நாட்டில், கிறித்துவிற்கு முன் நான்காம் நூற்றாண்டில், செனபோன் என்னும் படைத்தலைவர் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் ஒரு நல்ல குறிப்புத் தருகிறார்: இளங்குதிரை எவ்வளவு உயரம் வளரும் என்று அறிய அதன் கணைக்காலைப் பாருங்கள், கணைக்கால் இனி மிகுதியாக நீளாது, மற்ற உறுப்புகளே அதற்கேற்ப வளர்ந்துகொள்ளும் என்பது அவர் கருத்து. கிரேக்கர் அந்நாளில் சட்டமிட்ட சேணத்தை அறியார். வெறும் முதுகில் அல்லது துணி விரித்து ஏறினர். குதிரைக்கு அது ஒருவகையில் நல்வாய்ப்பே!

தமிழகத்தின் கதை வேறு. நம் மண் நல்ல குதிரையை ஈனும் மண் அன்று. சங்ககாலத்திலேயே கடல்வழிக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கின. குதிரை வாங்கப் பொன்னுடன் சென்ற திருவாதவூரர் கோயில் கட்டிய கதையும், நரி பரியான கதையும் நீங்கள் அறிந்தவையே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இங்கே ஒரு மன்னர் மட்டும் ஆண்டிற்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குவதையும், அவருடைய உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குவதையும் கண்டு வியந்தார். ஆனால் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும், குதிரை வைத்தியம் அறிந்தவர்கள் இந்நாட்டில் இல்லை என்றும், குதிரை வணிகர்கள் அத்தகையோரை இங்கே அழைத்து வருவதும் இல்லை என்றும் அவர் எழுதினார். வணிகர் ஏன் அழைத்து வருவர்? குதிரைகள் சாகச் சாகத்தானே அவர்களுக்கு வாணிகம்!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார். அவர் இந்நாட்டை நேரில் கண்டவரல்லர்; வணிகர் சொல்லக் கேட்டு எழுதியவர். கைஸ் தீவிலிருந்து பாண்டிய நாட்டிற்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாம். ஒவ்வொன்றின் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் அரசாங்கக் கருவூலமே விலை தரும். இத்துணைப் பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளை இங்கே என்ன செய்தார்கள்? நாற்பது நாட்கள் முளையடித்துக் கயிற்றால் கட்டிக் கொழுக்க வைத்தார்களாம். பிறகு பயிற்சியும் இல்லாமல், அங்கவடி முதலிய ஏற்றத்திற்குரிய கருவிகளும் இல்லாமல் வீரர்கள் தாவி ஏறி ஓட்டினார்களாம். சிறிது காலத்திற்குள் வலிய குதிரைகளும் தளர்ந்து பயனற்றுப் போயின என்கிறார். அயல்நாட்டார் கூற்றில் மிகைப்படுத்தல் இருக்கலாம்; இருவர் கூற்றும் ஒரே திசையில் செல்வதை மட்டும் நாம் மறுக்க முடியாது. வெப்பத்தின்மீதும் தீனியின்மீதும் பழியைப் போடுவது எளிது. நாற்பது நாள் நின்ற நிலையில் கொழுத்த முதுகு, ஓடத் தொடங்கிய சில நாட்களில் இளைத்து வேறு முதுகாகிவிடும். அதன்மேல் திடீரென்று ஒரு வீரனின் பாரம் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் பெரியப்பாவின் செம்மட்டம் எனக்குக் காட்டியிருக்கிறது.

பிற்காலத்தில் கருவிகள் வந்தன. பழைய கலணை, பல்லணம் என்னும் சொற்களோடு உருது வழியாகச் ‘சீனி’ என்ற சொல்லும் தமிழில் புகுந்தது. திருவரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பாருங்கள். கச்சையும் கடிவாளமும் அங்கவடியும் கல்லில் தெளிவாகத் தெரியும். எல்லாம் முற்றி நிறைந்த குதிரைகள்! வளரும் குட்டியைச் செதுக்கிய சிற்பியை நான் எங்கும் கண்டதில்லை.

நம் திண்டுக்கல் சீமைக்கு 1755இல் பௌஜுதாராக வந்த ஹைதர் அலி குதிரையின் அருமை தெரிந்தவர். விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்திருந்த வேலுநாச்சியாருக்காகத் தாண்டவராய பிள்ளை 1772 டிசம்பரில் ஹைதருக்கு எழுதிய கடிதத்தில் ஐயாயிரம் குதிரைப் படையினரையும் ஐயாயிரம் காலாட்களையும் வேண்டினார். ஐயாயிரம் குதிரை என்றால் ஐயாயிரம் சேணம். அவற்றைத் தைத்த கைகளின் பெயர் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. திப்பு சுல்தான் காலத்தில் குணிகல்லில் குதிரைப் பண்ணை சிறந்து விளங்கியது. 1792இல் திண்டுக்கல் கம்பெனியார் கைக்குப் போயிற்று. அவர்கள் 1824இல் ஓசூரில் படைக்குதிரைப் பண்ணை ஒன்றை அமைத்தார்கள். இளங்குதிரைகளை வைத்து வளர்த்துப் பழக்கிய பின்பே படைக்கு அனுப்புவது இத்தகைய பண்ணைகளின் வேலை. வாங்கிய குதிரையை உடனே ஏறாமல் காத்திருப்பதற்கும் பணம் ஒதுக்கவேண்டும் என்பதை ஓர் அரசாங்கம் கணக்கில் எழுதிக்கொண்டது என்று இதற்குப் பொருள்.

காத்திருந்தாலும் முதுகு மாறுவது நிற்பதில்லை. அதற்கு ஆங்கிலப் படையார் கண்ட வழி, சேணத்தையே அசையச் செய்தல். 1912ஆம் ஆண்டு முறைச் சேணத்தில் இருபுறமும் முதுகில் படியும் கட்டைகள் எஃகு வளைவோடு கீல்போல இணைக்கப்பட்டு, குதிரை பருத்தால் விரியவும் இளைத்தால் ஒடுங்கவும் இடம் தந்தன. அடியில் போர்வையை மடித்து இடுவர். இளைத்தால் ஒரு மடிப்புக் கூட்டுவர். இன்று வளைவுத் தகட்டை மட்டும் கழற்றி அகலமான வேறொன்றை மாட்டும் சேணங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆடித் திங்களில் அந்தியூர்ச் சந்தைக்குச் சென்று இளங்குதிரை வாங்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள், குதிரையை வாங்கிய அன்றே பளபளக்கும் சேணத்தையும் வாங்கி ஏறிப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சம் பதைக்கிறது.

எங்கள் ஊர்ச் சேணக்காரர் கீலும் எஃகும் அறியார். ஆனால் அவர் செய்த சோதனை இன்றும் செய்யத்தக்கது. சலித்த சாம்பலைச் சேணத்தின் அடிப்புறத்தில் தடவி, குதிரையின்மேல் மெல்ல வைத்து, கச்சையை இறுக்கிச் சில அடி நடத்திவிட்டு எடுப்பார். சாம்பல் இருபுறமும் ஒரே சீராகப் படிந்திருந்தால் தலையசைப்பார். ஓரிடத்தில் மட்டும் அப்பியிருந்தால் அங்கே அழுத்துகிறது என்று பொருள். நடு முதுகெலும்பின்மேல் சாம்பலே படக்கூடாது. கடைசி விலாவைத் தாண்டிப் பின்னாலும் படக்கூடாது. பிறகு ஒரு பக்கத் தையலைப் பிரித்து, வைக்கோலைச் சிறிது உருவியோ திணித்தோ மறுபடி தைப்பார். வளரும் குதிரைக்கு இச்சோதனையை மாதம் ஒருமுறை செய்யவேண்டும் என்பது அவர் விதி. நல்ல சேணம் எது என்று கேட்டால், “பிரிச்சுத் தைக்க முடியறதுதானுங்க” என்பார்.

செம்மட்டத்தின் புண் ஆறிய பிறகு பெரியப்பா அவரிடமே சென்றார். முதியவர் ஒரு சொல்லும் குத்திக் காட்டவில்லை. மரச்சட்டத்தை நீக்கிவிட்டு, நடுவே வாய்க்கால் போல் இடம்விட்ட இரண்டு மெத்தைகளை மட்டும் தைத்துக் கொடுத்தார். அரைப்பாரத்திற்கு மேல் ஏற்றலாகாது என்றும் சொன்னார். அந்தச் சேணம் எங்கள் வீட்டுப் பரணில் நெடுநாள் கிடந்தது. அதன் ஓரத்தில் பழைய தையல்துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து வரிசை இருந்தன. ஐந்துமுறை அக்குதிரையின் முதுகு மாறியிருக்கிறது.