குடலும் தையலும்

உடலில் தைத்தற்கு அரிய உறுப்புகளுள் ஒன்று குடல். தோலில் இட்ட தையல் விட்டால் புண் ஆற நாள் செல்லும். குடலில் இட்ட தையல் விட்டாலோ உயிருக்கே ஆபத்து நேரும். இதனைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். கிழிந்த குடலின் ஓரங்களைச் சேர்த்து, எறும்புகளைக் கடிக்கவிட்டு, தலைகளை மட்டும் நிறுத்தி உடலைக் கிள்ளிவிடும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. 1826ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து லம்பேர் என்பார், குடலின் வெளிச்சவ்வு வெளிச்சவ்வோடு பொருந்துமாறு தைத்தால் விரைவில் ஒட்டும் என்று காட்டினார். பிற்காலக் குடல் தையலுக்கு அதுவே அடிப்படையாயிற்று.

சூலகக் கட்டியை அகற்றும் சத்திரசிகிச்சை வேறொரு வழியில் வளர்ந்தது. 1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் மக்டவல் என்னும் வைத்தியர், மயக்க மருந்து இல்லாத அக்காலத்திலேயே ஒரு பெண்ணின் சூலகக் கட்டியை அகற்றி அவரைப் பிழைக்கவைத்தார். ஆயினும், புற்றுநோய் குடலிற் பரவிய நிலையில் கத்தி வைக்கப் பலர் நெடுங்காலம் தயங்கினர். 1975இல் கிரிஃபித்சு என்பார், சத்திரசிகிச்சையின்பின் எஞ்சும் கட்டி சிறிதாயின் நோயாளியின் வாழ்நாள் நீளும் என்பதை எண்களால் நிறுவினார். அதன்பின் நோய் பற்றிய குடற்பகுதியையும் வெட்டியெடுத்து முனைகளை இணைக்கும் வழக்கம் பெருகிற்று.

இணைப்பிற் கசிவு நேர்ந்தால் மலம் வயிற்றறையிற் கலந்து காய்ச்சலும் சீழும் தோன்றும். மீண்டும் வயிற்றைத் திறக்க நேரிடலாம். புற்றுநோய் மருந்து ஏற்றுவதும் தாமதப்படும். இவ்விடரைக் குறைக்கவே சிலருக்கு வயிற்றின்மேற் குடல்வாய் அமைத்து மலத்தைப் பையில் வடியவிடுவர். முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கிப் பின்னர் சத்திரசிகிச்சை செய்யினும் வாழ்நாள் குறைவதில்லை, இடர்களோ குறைகின்றன என்று 2010இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டிற்று.

தையல் தாங்குவது வைத்தியரின் கைத்திறனால் மட்டுமன்று. உடலின் ஊட்டமும் அதற்கு வேண்டும். ஊவாவின் தோட்டங்களுக்கு இவ்வரலாறு நெருங்கியதாவது இங்கேதான். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம் தோட்ட மாவட்டங்களுக்கு வைத்திய வசதிக்கு வழிவகுத்தது. 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. ஆனால் நாட்டின் முதன்மைப் புற்றுநோய் வைத்தியசாலையோ கொழும்பை அடுத்த மகரகமையில் உள்ளது. பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பசறையிலோ லுணுகலையிலோ நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண், வைத்தியரிடம் சென்றால் அன்றைய கூலியை இழக்கின்றார். வயிற்று வீக்கத்தை வாய்வென்று எண்ணி அவர் பொறுத்திருக்க, நோய் முற்றுகின்றது. தோட்டப் பெண்களிடையே பரவலாயுள்ள இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் உடலை முன்னரே மெலிவித்திருக்கும்.

வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று ஊதலும், சிறிது உண்டாலே வயிறு நிரம்பும் உணர்வும் பரிசோதிக்கத் தக்கவை. அவற்றுக்காக ஒரு நாட்கூலியை விட்டு வைத்தியசாலைக்குச் செல்லுதல் வீண்செலவன்று. தையலின் வெற்றி சத்திரசிகிச்சைக் கூடத்திற்கு வெளியே, லயத்து அடுப்படியிலும் கொழுந்து மலையிலும் ஓரளவு முடிவாகின்றது.