தண்டுவட இரத்தநாளக் குறைபாடுகள்

தண்டுவடத்தின் உள்ளேயோ அதன் உறையிலோ, நுண்குழாய்களின் இடையீடு இல்லாமல் தமனி நேரடியாகச் சிரையில் திறப்பதால் உண்டாகும் கோளாறுகள் இவ்வகையில் முதன்மையானவை. பிறவியிலேயே அமைபவையும் உண்டு. வயதான பின் தோன்றுபவையும் உண்டு. இவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வன்சவ்வு ஃபிஸ்டுலா, அதாவது தண்டுவடத்தின் வெளியுறையான வன்சவ்வில் அமையும் தமனி-சிரை இணைப்பு, 50 வயதைக் கடந்த ஆண்களையே பெரும்பாலும் தாக்குகிறது. கால் மரத்தல், நடக்க நடக்கத் தளர்ச்சி, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமை ஆகியவை இதன் அறிகுறிகள். தேய்ந்த முதுகெலும்பு, புராஸ்டேட் வீக்கம் போன்ற வேறு நோய்களின் பெயரில் இது பல மாதங்கள் மறைந்திருப்பது இன்றும் நடக்கிறது.

தொடக்கக் காலம்

1910களில் நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் எல்ஸ்பெர்க் இக்கோளாறுக்கு அறுவை செய்து வெற்றி கண்டார். 1921இல் பிரான்சில் சிக்கார்டும் ஃபாரஸ்டியேயும் லிப்பியோடால் என்னும் மருந்தைத் தண்டுவடத்தைச் சுற்றிச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தனர். தண்டுவடத்தின் மேல் நெளியும் நாளங்களின் நிழல் அதில் தெரிந்தது. 1926இல் ஃபுவாவும் அலஜுவானினும் படிப்படியாகக் கால்கள் செயலிழந்த இரு இளைஞர்களின் நோயை விவரித்தனர். இந்நோயில் தண்டுவடம் அழிந்தபின் மீட்சியில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1943இல் வைபர்ன்-மேசன் அதுவரை அறியப்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தனி நூலாகத் தொகுத்தார்.

காரணம் புலப்படல்

1960களில் அமெரிக்காவில் டி கிரோ, டாப்மன் ஆகியோரும் பாரிசில் ஜிண்ட்ஜியனும் தண்டுவட ஆஞ்சியோகிராமை வளர்த்தெடுத்தனர். ஒவ்வொரு தமனியிலும் தனித்தனியாகச் சாயம் செலுத்திப் பார்க்கும் பொறுமையான வேலை அது. 1968இல் நாளங்களை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையும் தொடங்கியது.

ஆயினும் கண்ணுக்குப் பட்ட நெளிநாளங்களே நோய் எனக் கருதி, அவற்றைத் தண்டுவடத்திலிருந்து உரித்தெடுக்கும் அறுவைகள் தொடர்ந்தன. 1974இல் லண்டனில் அமினாஃப், லோக் முதலியோர் சிரை அழுத்தமே கேட்டிற்குக் காரணம் என விளக்கினர். வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்கிப் பயிரின் வேர் அழுகுவதைப் போல, சிரையில் தமனி இரத்தம் பாய்வதால் தண்டுவடத்தின் இரத்த வடிகால் தடைபட்டு அது வீங்கி நலிகிறது. கால் பலவீனம் தொடங்கிய 3 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் கடுமையாக முடங்கியதையும் அவர்கள் பதிவுசெய்தனர். 1977இல் கெண்டலும் லோக்கும் உண்மை இருப்பிடத்தைக் காட்டினர்: பழுது, நரம்பு வேர் வெளியேறும் இடத்தருகே வன்சவ்வில் உள்ள சிறு இணைப்பு, நெளிநாளங்கள் அதன் விளைவு மட்டுமே. முதுகெங்கும் கீறிய அறுவை, ஓரிடத்தில் ஒரு நாளத்தை மூடும் அறுவையாகச் சுருங்கியது.

இன்றைய முறை

1980களில் வந்த எம்.ஆர்.ஐ. தண்டுவட வீக்கத்தை வெண்பட்டையாகவும், பின்புறம் விரிந்த சிரைகளைக் கரும்புள்ளிகளாகவும் காட்டுகிறது. ஃபிஸ்டுலாவின் இடத்தை உறுதிசெய்ய ஆஞ்சியோகிராம் இன்னும் தேவை. பின்னர் வடிகுழாய் வழியாகப் பசை செலுத்தி அடைக்கலாம். தண்டுவடத்தின் முன்தமனியும் அதே இடத்தில் கிளைத்தால் அடைப்பு ஆபத்தானது, அறுவையே ஏற்றது. நுண்ணோக்கியில் செந்நிறமாகத் தெரியும் சிரையில் கிளிப் இட்டதும் அது கருநீலமாக மாறுவது, தமனி இரத்தம் நின்றுவிட்டதன் அடையாளம். தண்டுவடத்தினுள்ளே முடிச்சாக அமைந்த பிறவிக் குறைபாடுகளில் சிகிச்சை இன்றும் கடினமானது.

சிகிச்சைக்குப் பின் நடை பலருக்குச் சீராகிறது. சிறுநீர்க் கோளாறு அந்த அளவு திரும்புவதில்லை. சிகிச்சையின்போது இருந்த நிலையே பின்னைய மீட்சியைப் பெரிதும் தீர்மானிப்பதால், காரணம் விளங்காத கால் தளர்ச்சியுள்ள முதியவரிடம் இந்நோயை நினைவில் கொள்வது மருத்துவரின் முதற்கடமை.